குடும்பத்தோடு பார்க்கலாம்

ஒரு படத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் ஜனங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: குடும்பத்தோடு பார்க்கலாமா, கூடாதா. கதை எப்படி, இசை எப்படி, நடிப்பு எப்படி என்று முழுப் பக்கத்துக்கு எழுதியிருப்பேன். மறுநாள் குன்னூர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே ஒருவர் கேட்பார், "ஏனுங்க அண்ணாதுரை, அந்தப் படத்துக்குப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போலாமுங்களா?" அதனால் எங்கள் ஊர் மாதப் பத்திரிகைக்கு நான் எழுதும் விமர்சனங்களின் கடைசி வரியில் அதற்கு மட்டும் பதில் சொல்லி முடித்துவிடுவேன். பார்க்கலாம், அல்லது வேண்டாம்.

அந்தக் கார்ட்டூன் படத்துக்கு 'தாராளமாகப் பார்க்கலாம்' என்று எழுதினேன். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. நானே குடும்பத்தோடுதான் பார்த்தேன். என் குடும்பம் என்றால் என் தங்கை வேணி.

நீங்கள் ஞானசேகரனைப் பற்றி விசாரிக்கத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பினீர்கள் என்பது தெரியும், ஐயா. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அவரைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் படத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் இசைக்காரன். முதலில் ஆர்மோனியம், பிறகு கீபோர்டு. எங்கள் மெல்லிசைக் குழுவைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் இந்த மலையில் இல்லை. கோத்தகிரியில் மாரியம்மன் திருவிழா என்றாலும், சேரம்பாடியில் எஸ்டேட் யூனியன் ஆண்டு விழா என்றாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். குழு என்று பேருக்குச் சொல்வதுதான். அது வேணியின் குரல். மற்றவர்கள் அந்தக் குரலுக்குப் பந்தல் போட்டவர்கள்.

ஒருமுறை சேரம்பாடியில் அந்தி சாயும் நேரத்துக் கச்சேரி. பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். டிரம்ஸ்காரன் நிறுத்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. தேயிலைக்கு மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்படியே நின்றார்கள். கீழ் லைன் வீடுகளில் இருந்தவர்கள், மைக் வேலை செய்வதாகவே நினைத்தோம் என்று பிற்பாடு சொன்னார்கள். அந்தக் குரலை நான் வளர்த்தேன். அப்பா போனபோது அவள் பாவாடை சட்டை போடுகிற வயது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். ஐஸ் தொடவிடாமல், பனியில் விடாமல், கத்திப் பேசவிடாமல் வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் கோகோ விளையாடும்போது அவள் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். விளையாட்டில் கத்த நேரும் என்று நான்தான் டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அவளுக்கு ஏன் கல்யாணம் செய்துவைக்கவில்லை என்று ஊரில் கேட்டார்கள். வரன்கள் வராமல் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் மேடையில் பாட வேண்டாம், வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பாடட்டும் என்றார்கள். அவர்கள் பஸ் ஏறும்போது பையனின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, வேணிக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்றார். வேணிக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. அடுத்த வரனிடமும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த மலையில் செய்தி தானாக நடந்து போய்விடும்.

அவள் வருத்தப்பட்டாளா என்றால், பட்டிருப்பாள். அந்தப் பருவத்தில் அவள் பாடிய சோகப் பாட்டுகளைப் போல அதற்கு முன்பும் பாடியதில்லை, பின்பும் பாடியதில்லை. நானும் கட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே நியாயம்தான் வைத்தேன்.

போன ஐப்பசி மழையில்தான் முதலில் கேட்டேன். மேல் ஸ்தாயியில் துணி கிழிவதற்கு முன் ஒரு நூல் விடுமே, அதுபோல ஒரு பிசிறு. அவளுக்கே அது தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் கீபோர்டில் சுருதியை அரைக்கட்டை இறக்கிவிட்டேன். கொஞ்ச நாளில் இன்னொரு அரைக்கட்டை. மிளகு, தேன், ஆடாதொடை எல்லாம் கொடுத்தேன். "டாக்டருகிட்டப் போலாமுங்கண்ணா" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் சீசன் முடியட்டும் என்றேன். சீசன் முடிந்ததும் கோயம்புத்தூர் போனோம்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன் பிடித்துக் காட்டினாள். குரல்வளையில் கட்டி. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வேறு வழி இருந்திருக்கும், இப்போது குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் நன்றாக இருப்பார், பழகிக்கொண்டால் ஒருமாதிரிப் பேசவும் செய்யலாம், பாடுவது மட்டும் முடியாது என்றாள்.

"ஆபரேஷன் செய்யாம விட்டா எவ்வளவு காலம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"அவங்க உயிரோட இருக்கறதக் கேக்கறீங்களா?"

"குரலைக் கேட்டேன்."

அந்தப் பெண் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். படித்தவர்களுக்கும் சில கேள்விகள் புரிவதில்லை. வேணி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலை ஏறும் பஸ்ஸில் பர்லியாறு தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள், "அண்ணா, மூச்சு உடறதுக்குக் கழுத்துல ஓட்டை போடுவாங்களாமா?"

"ஆமா."

"மழ பேஞ்சா தண்ணி உள்ள போயிருமுங்களே."

எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அவளுக்கே பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரங்களில் அவளிடம் கோபமில்லாமல் பேசினேன். குரல் போன பிறகு கடைவீதியில் நடந்தால் குழந்தைகள் பயந்து ஒதுங்கும் என்றேன். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கையைக் காட்டிக் காட்டித் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கும் என்றேன். இருக்கும்வரை பாடிவிட்டுப் போவது எவ்வளவு பெரிய வாழ்க்கை என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது நான் எடுத்து, யோசித்துச் சொல்கிறோம் என்றேன். ஒரு கடைசிக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஞானசேகரன் உள்ளே வந்தார். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்குக் கீழ்த் தெரு. மனைவி இறந்து பல வருஷம். மெஷின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. பாட்டு அவருக்கு விளங்காது, அதை அவர் மறைப்பதும் இல்லை. கச்சேரிகளில் முன் வரிசையில் உட்கார்ந்து, பாட்டு முடிவதற்கு முன்பே கை தட்டுகிறவர். வேணிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, பால் வாங்கிக் கொடுக்கிறேன், மருந்து வாங்கிக் கொடுக்கிறேன் என்று வந்துபோக ஆரம்பித்தார். அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து அவர் ஏதாவது சொல்வார், இவள் சிரிப்பாள். என்ன சிரிப்பு என்று கேட்டால், சும்மா என்பாள்.

கோடை லீவில் அந்தப் படம் ஊட்டிக்கு வந்தது. தமிழில் டப் செய்யப்பட்ட கார்ட்டூன். பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று நான் கிளம்பியபோது வேணியையும் அழைத்துப் போனேன். தியேட்டர் வாசலில் ஞானசேகரன் மூன்று பாப்கார்ன் பொட்டலங்களோடு நின்றிருந்தார்.

"குடும்பப் படமுன்னு நீங்க சொன்னீங்களாமா. அதானுங்க வந்துட்டன்" என்றார்.

யாருடைய குடும்பம் என்று நான் கேட்கவில்லை. வேணி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

படத்தின் கதை இது. ஒரு சின்னப் பெண். அவளுடைய அக்கா நன்றாகப் பாடுவாள். அக்கா காய்ச்சலில் படுத்துக் குரல் போய், பிறகு இறந்துபோகிறாள். அக்காவைத் தேடி இந்தப் பெண் ஒரு பாழுங்கிணற்றில் இறங்குகிறாள். கிணற்றுக்கு அடியில் இறந்தவர்களின் ஊர் இருக்கிறது. தெருவெல்லாம் பாட்டு, வாத்தியம், விளக்கு. அந்த ஊரைச் சுற்றி உயரமான சுவர். வாசலில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கொக்கு காவல் நிற்கிறது. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு வரி பாடிக் காட்ட வேண்டும். சாகும்போது என்ன குரல் இருந்ததோ அதுதான் அங்கே என்றைக்கும். பாட முடியாதவர்களுக்கு வாசல் திறக்காது. அவர்கள் சுவருக்கு வெளியே நின்று, கல்லில் காதை வைத்து உள்ளே நடக்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண் தன் அக்காவை அங்கேதான் கண்டுபிடிக்கிறாள். சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம், எல்லோரும் காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அவர்களுக்கு நடுவில் அக்கா.

அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் படம் பார்த்து எழுதுகிறேன், எந்தப் படத்துக்கும் அப்படி ஆனதில்லை. யாரோ ஒருவர் என் மனதில் இருந்ததை எனக்கு முன்பே வரைந்து வைத்திருந்தார்.

அதோடு படத்தை முடித்திருக்கலாம். குழந்தைகளுக்கான படம் என்பதால் இயக்குநர் இளகிவிட்டார். அந்தப் பெண் உள்ளே போக மறுத்து, வெளியே அக்காவோடு நின்று, கல்லில் தாளம் போட ஆரம்பிக்கிறாள். அக்காவும் போடுகிறாள். பிறகு அந்த ஊமைக் கூட்டம் முழுவதும் கை தட்டி, காலை உதைத்துத் தாளம் போடுகிறது. சுவர் இடிந்து விழுகிறது. உள்ளே இருந்த பாட்டுக்காரர்கள் ஓடி வருகிறார்கள், எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள். தியேட்டரில் இருந்த குழந்தைகள் எல்லாம் கை தட்டின. திரும்பிப் பார்த்தால் வேணியும் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஞானசேகரன் தாளமே இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பில் சத்தம் வரவில்லை.

வெளியே வந்து சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கடையில் டீ குடித்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேணி சொன்னாள்.

"அண்ணா, நான் ஆப்பரேசன் பண்ணிக்கறேனுங்க."

நான் கடைக்காரருக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

"எனக்கு உசுரோட இருக்கோணுமுங்க. பேச்சு போனாப் போச்சாதுங்க, கை இருக்குதுங்களே. இத்தன நாளு பாடுனது போதுமுங்க."

போதும் என்ற சொல்லில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாடகி அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பறம் இவுங்களக் கட்டிக்கலாமுன்னு இருக்கறேனுங்க" என்றாள்.

ஞானசேகரனின் கெட்ட காது அவள் பக்கம் இருந்தது. "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டார். அவள் எக்கி, அவருடைய நல்ல காதில் இன்னொரு தரம் சொன்னாள். அந்த மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்குப் பாதிக் காதுங்க. அவங்க பேசுனாலும் பேசாட்டியும் எனக்கு ஒண்ணுதானுங்க" என்றார்.

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார், ஐயா. அந்தக் குரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனக்கு ஒன்றுதான் என்பதை. அதையும் அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள்.

வழக்கமாக ஒரே மூச்சில் விமர்சனம் எழுதிவிடுவேன். இதற்கு நிறைய நாள் பிடித்தது. முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி குழந்தைகளுக்காகச் சொன்ன பொய் என்று எழுதினேன். கலைஞர்கள் எந்த நிலையில் இந்த உலகத்தை விட்டுப் போகிறார்கள் என்பது முக்கியம், அதை அந்தச் சுவர் சொல்கிறது, இடித்திருக்கக் கூடாது என்று எழுதினேன். கடைசி வரியில், குடும்பத்தோடு தாராளமாகப் பார்க்கலாம் என்று போட்டேன். பத்திரிகை வந்ததும் வேணி அடுக்களையில் நின்றபடியே படித்தாள்.

"படத்தப் பாத்துப்போட்டு இதப் படிக்கறவங்க, இது வேற ஏதோ படமுன்னு நெனச்சுக்குவாங்கண்ணா" என்றாள். பிறகு பத்திரிகையை மடித்து, சூடான பாத்திரத்தை இறக்க அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் மனதை மாற்ற எல்லாம் செய்து பார்த்தேன். ஆபரேஷனில் செத்தே போகலாம் என்று சொன்னேன். நான் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஞானசேகரனிடம் பழைய வலிப்புக் கதையைச் சொன்னேன். அவர் மருந்துக் கடைக்குப் போய், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது.

ஆஸ்பத்திரியில் தேதி குறித்துவிட்டார்கள். தென்மேற்குப் பருவ மழை பிடித்துக்கொண்ட நேரம். கிளம்புவதற்கு முந்தின நாள் வேணி பையை எடுத்து வைத்தாள். இரண்டு சேலை, சோப்பு, சீப்பு, கழுத்தில் சுற்றிக்கொள்ளப் புதிதாகத் தைத்த பருத்தித் துணிகள். அந்தத் துணிகளில் ஓரத்தில் பூ வேலை செய்திருந்தாள். எனக்குத் தெரியாமல் எப்போது உட்கார்ந்து தைத்தாளோ.

மத்தியானத்துக்கு முன்னால் ஞானசேகரன் ஒரு கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய இரும்பு டிரம்மை வெட்டி அவரே செய்தது. வேணிக்குக் குளிர் ஆகாது, நாளைக்குப் பயணம் போகிற உடம்பு என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "கொஞ்ச நேரம் வெச்சுப்போட்டு வெளிய எடுத்து வெச்சிருங்க. சன்னலு தொறந்தே இருக்கோணுமுங்க. மூடுன ரூமுல இது ஆளையே கொன்னுபோடும். ஊட்டிப் பக்கமெல்லாம் எத்தன பேரு அப்படியே போயிருக்கறாங்க." நல்ல காதை என் பக்கம் திருப்பி, கேட்டுக்கொண்டேன் என்று நான் சொல்லும்வரை நின்றார். கேட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். அதனால் அவர் சொல்லவில்லை என்றோ, எனக்குத் தெரியாது என்றோ நீங்கள் எழுத வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேணி இருமல் மருந்து குடித்துவிட்டுப் படுத்தாள். அந்த மருந்து அவளைத் தூங்க வைக்கும். வெளியே மழையும் மூடுபனியுமாக, மத்தியானமே சாயங்காலம் போல இருந்தது. "குளிருதுங்கண்ணா" என்றாள். அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்தேன். கதகதவென்று இருக்கிறது என்றாள். கண் சொருகியபோது, "எம்மேல கோவமில்லீங்களே?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றேன். உண்மையாகவே கோபம் இருக்கவில்லை. பெரிய கச்சேரிக்கு முன்னால் எல்லா வாத்தியங்களும் சுருதி சேர்ந்த பிறகு ஒரு அமைதி வருமே, அப்படி இருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். சன்னலைச் சாத்தினேன். வெளியே வந்து கதவையும் சாத்திவிட்டு நடுவறையில் உட்கார்ந்தேன்.

யாரும் அவள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அவளை ஓட்டைக் கழுத்தோடு அனுப்பவில்லை. அவளுடைய குரல் முழுதாக அவளிடம் இருந்தபோதே அவளை அனுப்பிவைத்தேன். ஓர் அண்ணன் செய்யக்கூடியது அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நான்தான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன். மேல் வீட்டுக் கருப்பம்மாள் முதலில் ஓடி வந்தாள். பிறகு டாக்டர், உங்கள் ஆட்கள். அடுப்பைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இந்த மலையில் அது புதிதில்லையே. யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. விபத்து என்று எழுதினீர்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

ஞானசேகரன் விடவில்லை. எங்கள் வாசலில் மழையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தானுங்க கொன்னுபோட்டன். நாந்தான் அடுப்பக் கொண்டாந்தன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஜனங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கருப்பம்மாள் அவருடைய தோளைத் துடைத்துவிட்டாள். பேச்சு இல்லாமல் போனாலும் கட்டிக்கொள்கிறேன் என்ற மனிதன், இவனுக்கா இப்படி என்று பேசிக்கொண்டார்கள். கோயில் மண்டபத்தில் இரங்கல் கூட்டம் போட்டோம். அங்கேயும் அவர்தான் நடுவில். அவளுடைய சிரிப்பைப் பற்றிப் பேசினார், அவள் செய்யும் ரசத்தைப் பற்றிப் பேசினார். அந்தக் குரலைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கீபோர்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

இப்போது இங்கே வந்து, தன்னை ஜெயிலில் போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அடுப்பைப் பற்றி என்னை எச்சரித்ததைக்கூட அவர் உங்களிடம் சொல்லவில்லை, இல்லையா. அதைச் சொன்னால் பழி என் மேல் வரும் என்று மறைக்கிறார். துக்கத்தில் இருக்கும் அண்ணனைக் காப்பாற்றுகிறாராம். எனக்கு அது வேண்டாம். அவளுக்கு முதல் ஸ்வரம் சொல்லிக்கொடுத்தது நான். மேடை ஏற்றியது நான். முடித்து வைத்ததும் நான். அதில் அவருக்குப் பங்கு கிடையாது. அடுப்பு கொண்டுவந்தவர் என்று வேண்டுமானால் ஒரு மூலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். நீங்கள் நல்ல கேள்வி கேட்டுவிட்டீர்கள். கட்டிலில் தூங்கியவள் கதவருகே ஏன் கிடந்தாள் என்று. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கதவைச் சாத்தினேன் என்று சொன்னேன். வெளித் தாழ்ப்பாளையும் போட்டிருந்தேன். கூட்டம் வருவதற்கு முன்னால் அதை எடுத்துவிட்டேன்.

அவள் இடையில் விழித்துக்கொண்டாள். ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சொம்பாக இருக்கும். நான் எழுந்து போய்க் கதவருகே நின்றேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"அண்ணா, தல சுத்துதுங்க. கதவத் தொறங்க" என்றாள்.

கதவைத் தட்டினாள். வேகமாக ஆரம்பித்து மெதுவாக ஆனது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. தாழ்ப்பாளைப் பற்றியும் புரிந்துகொண்டாள். அடுத்து அவள் பேசியது கதவின் அடிப்பக்கத்திலிருந்து கேட்டது. உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அண்ணா, நான் ஆப்பரேசனுக்குப் போகலீங்க. அவரையுங் கட்டிக்கலீங்க. எங்கயும் போகலீங்க. ஒங்ககூடவே இருந்துட்டுப் பாடறேனுங்க. தொறங்கண்ணா."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். நான் கேட்டதெல்லாம் அதுதான், இத்தனை மாதம் அவளிடம் மன்றாடியதும் அதற்காகத்தான். அவள் அதைத் தந்துவிட்டாள். என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது.

பிறகு அவள் பாட ஆரம்பித்தாள். நான் அவளுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த பிள்ளையார் பாட்டு. நம்பட்டும் என்று பாடினாள் போலும். குரல் உடைந்திருந்தது, சுருதி எங்கேயோ போயிற்று, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். அவளை எந்தக் குரலோடு அனுப்புகிறேன் என்று உங்களிடம் இவ்வளவு நேரம் சொன்னேனோ, அது அப்போது அவளிடம் இல்லவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சுருதி விஷயத்தில் என் காது தப்பாது.

பாட்டு நின்ற பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன்.